கிணற்றடியில் தொடங்கும் பாடம்

(ஒளி, நிலைபேறான சக்தி ஆகியவை பற்றிய விஞ்ஞான பாடங்களை ஊர்ச்சூழலிலிருந்து அமைப்பது குறித்து, ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் இணுவிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



நமது பாடசாலைகளிலே ஒளி என்னும் அலகு எவ்விதம் ஆரம்பமாகின்றது என்பதை இங்கிருப்போர் யாவரும் அறிவர். துளையிட்ட மூன்று அட்டைகளை ஒரே நிரையில் நிறுத்தி, ஒரு பக்கத்தில் மெழுகுதிரியை ஏற்றி, மறுபக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்து, ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்று எழுதிக்கொண்ட பின், தளவாடிக்கும் அரியத்துக்கும் வில்லைக்கும் முறையே போய், ஈற்றிலே 'பயன்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ் நாலைந்து கருவிகளின் பெயரை மனனஞ் செய்து அலகை மூடிவிடுகின்றோம். சக்தி என்பது வேறோர் அலகு. வேறொரு தவணையில் வருவது. அதன் வால் நுனியிலே புதுப்பிக்கத்தக்க சக்தி ஒரு பக்க அளவிலே தொங்கும். பௌதிக நூலுக்கு இந்த ஒழுங்கு பொருந்தும். அதிலே யான் குறை காணவில்லை. ஆயினும் நூலின் ஒழுங்கும் பிள்ளையின் மனத்திலே வினா எழும் ஒழுங்கும் ஒன்றாயிருக்கவேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. ஊரிலே கண்கண்ட ஒரு காரியம், பாடத்தின் கடைசியில் உதாரணமாக வந்து நிற்பதை விட்டு, பாடத்தின் முதலிலேயே தீர்க்கவேண்டிய வினாவாக வந்து நின்று, அதனைத் தீர்ப்பதற்கு ஒரு விதி இல்லாமல் முடியாது என்று பிள்ளையே உணரும் கட்டத்தில் விதி கற்பிக்கப்படவேண்டும் என்பதே யான் இன்று விண்ணப்பிக்க வந்தது.

இது மேனாட்டாரிடமிருந்து நேற்று வந்திறங்கிய சரக்கு என்று எவரும் எண்ணவேண்டாம். இங்கிருந்து மேற்கே சிறிது தூரத்தில் உள்ள மானிப்பாயிலே, வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைப் போதித்தார். அவருடைய முயற்சியால் 1875 இல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் அச்சேறியது. அதற்கும் முற்பட்ட காலத்தில், வட்டுக்கோட்டைச் செமினரியில் அதிபராயிருந்த தானியேல் பூவர், 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தை முன்வைத்து ஒரு பாடம் நடத்தினார். உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்புக்கும் செமினரியின் கணிப்புக்கும் இருந்த வேற்றுமையை ஊரறியச் சொல்லி, வானத்தையே சாட்சியாக வைத்து, எது சரியென்று பார்க்குமாறு ஊராரை அழைத்தார். அவருடைய நோக்கம் சமயப் பிரசாரம் என்பதும், நமது சோதிடர்களின் கணிதம் எள்ளத்தக்கதன்று என்பதும் வேறு விஷயங்கள். போதனை முறை என்ற அளவில் நோக்கினால், நிழல் எவ்வாறு விழுகின்றது என்பதை அறியாமல் அந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்ற நிர்ப்பந்தத்தை அவர் உண்டாக்கினார். அந்த நிர்ப்பந்தமே பாடத்தின் உயிர்.

கடல் கடந்த நாடுகளிலும் இதே எண்ணம் வேறு வேறு உருவங்களில் தோன்றியதுண்டு. ஒல்லாந்திலே 1972 முதல் 1986 வரை உத்திரெக்த்தை மையமாகக் கொண்டு நடந்த 'பிளொன்' என்னும் பௌதிகத் திட்டமும், இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்திலே 1983 இல் தொடங்கிய 'சோல்ற்றர்ஸ்' திட்டமும் அன்றாட வாழ்வின் சூழமைவுகளைப் பாடத்தின் வாசலாக்கின. அவற்றைவிட நமக்கு நெருங்கியது மத்தியப் பிரதேசத்தின் அன்றைய ஹோசங்காபாத் மாவட்டம். 1972 இல் பதினாறு கிராமப் பாடசாலைகளில் தொடங்கி, பின்னர் மாவட்டம் முழுவதும் பரவி, 2002 இல் அரசினால் நிறுத்தப்படும்வரை முப்பது ஆண்டுகள் அங்கே பிள்ளைகள் பரிசோதனை செய்து, தாமே முடிவுக்கு வந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதினார்கள். நமது இலங்கையிலும் அதே 1972 இல் ஒன்றிணைந்த விஞ்ஞானமும், ஊர்த் தொழில்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்த தொழில்முன்னிலைப் பாடங்களும் புகுத்தப்பட்டன. ஆட்சி மாறியதும் பின்னவை மறைந்தன. 2007 இல் வந்த பாடவிதானம் பிள்ளையை முதலில் ஈடுபடுத்தி, பின்பு கண்டறியவிட்டு, அதன் பின்னரே விளக்கவேண்டும் என்றது. ஆகவே, அனுமதி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஈடுபடுத்தும் கட்டத்தை ஐந்து நிமிடப் படக்காட்சியாகச் சுருக்கிவிட்டு, விளக்கும் கட்டத்துக்கு ஓடிவிடுவதுதான் நமது வழக்கம்.

எந்தச் சூழமைவும் பாடத்துக்கு ஆகுமா என்றால், ஆகாது. அதனைத் தெரிவதற்கு யான் இரண்டு சோதனைகளை வைத்துக்கொண்டிருக்கின்றேன். அந்த விதியை அறியாமலே வினாவுக்கு விடை சொல்லிவிட முடியுமாயின், அந்தச் சூழமைவு வெறும் அலங்காரம். விடை கிடைத்த பின்பு எவருடைய செயலிலாவது எண்ணத்திலாவது ஒரு மாற்றம் உண்டாக இடமில்லையாயின், அது வெறும் விடுகதை. இந்த இரண்டையும் தாங்கி நிற்கும் காரியங்கள் இணுவிலைப் போன்ற ஒரு செம்மண் ஊரிலே எத்தனை கிடக்கின்றன என்று சற்றுப் பார்ப்போம்.

முதலிலே ஒரு தடி. ஒரு மீற்றர் நீளமான தடியொன்றைப் பாடசாலை முற்றத்திலே செங்குத்தாக நாட்டுங்கள். வேறு உபகரணம் வேண்டாம். நமது ஊர் ஏறத்தாழ வட அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கின்றது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், சூரியன் இலங்கையின் தென்முனைக்கு நேர் மேலே வந்து, நாளொன்றுக்கு ஒவ்வோர் ஊராக வடக்கே நகர்ந்து, 15 ஆந் திகதியளவில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தலைக்கு மேலே நிற்கின்றது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தல் விடுவதை நீங்கள் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். புத்தாண்டுக்கு மறுநாள் பகல் 12 மணி 10 நிமிடமளவில் அந்தத் தடிக்கு நிழலே இராது. அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டிலே பலகாரத்தோடு இருப்பார்கள் என்பது உண்மைதான். வீட்டு முற்றத்திலும் தடி நாட்டலாம். ஆகஸ்ட் 28 ஐ அண்டி நிழலற்ற நண்பகல் மீண்டும் ஒரு தடவை நிகழும். இடைப்பட்ட நாலரை மாதமும் நண்பகலிலே நிழல் தெற்கு நோக்கி விழும். சூன் மாதக் கடைசி வாரத்தை அண்டி அதன் நீளம் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர். மார்கழியிலோ அதே தடியின் நண்பகல் நிழல் வடக்கே 65 சென்ரிமீற்றர் நீண்டு கிடக்கும். 'சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து நிற்கும்' என்றும், 'நண்பகலில் எப்போதும் தலைக்கு மேலே நிற்கும்' என்றும் வகுப்பிலே இரண்டு கட்சிகள் இருக்கும். தடி இரண்டு கட்சியையும் தோற்கடிக்கும்.

இங்கே வினாவை வைப்பதுதான் ஆசிரியரின் சாமர்த்தியம். 'நிழல் ஏன் மாறுகின்றது?' என்று கேட்டால் பிள்ளை புத்தகத்தைப் புரட்டும். 'உங்கள் வீட்டுக் கூரையிலே சோலார்த் தகடு பூட்ட ஆட்கள் வருகின்றார்கள். எந்தப் பக்கத்துக் கூரையிலே, எவ்வளவு சாய்விலே பூட்டச் சொல்வாய்?' என்று கேட்டால், தடியின் நிழலை ஆண்டு முழுவதும் குறித்து வைத்திருக்கும் பிள்ளை, நாலரை மாதத்து வடக்கு வெயிலையும் ஏழரை மாதத்துத் தெற்கு வெயிலையும் நிறுத்துப் பார்த்து, தெற்கு நோக்கிய சிறு சாய்வு என்ற முடிவுக்குத் தானே வந்து சேரும். ஒளியின் நேர்கோட்டுச் செலவும், படுகோணமும், பூமியின் அச்சுச் சாய்வும், மின் சக்தியும் அந்த ஒரு வினாவுக்குள்ளே கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்தது நாம், வெயில் பிரிக்கவில்லை.

கிடுகுவேலி அருகிவருகின்றது, மதில் பெருகிவிட்டது. எனினும் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலாவது ஊரிலே இன்னும் அகப்படும். அதனுள்ளே நிலத்திலே விழும் வெயிற்பொட்டுக்கள் வட்டமாக இருப்பதைப் பிள்ளைகள் ஆயிரம் தடவை கண்டிருப்பார்கள்; ஓலையிடுக்கின் துவாரமோ வட்டமன்று. கோணல்மாணலான துவாரத்தின் வழியே வந்த வெயில் ஏன் வட்டமாக விழவேண்டும்? அந்தப் பொட்டு துவாரத்தின் உருவமன்று, சூரியனின் பிம்பம் என்று அறிந்துகொள்ளும் கணமே ஊசித்துளைக் கமராவின் பாடம் முடிந்துவிட்டது. பெட்டி செய்வது பின்பு. நண்பகலிலே மூன்று மீற்றர் உயரத்துத் துவாரத்தின் கீழே விழும் பொட்டின் விட்டம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் இருக்கும். சூரியன் 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். ஒத்த முக்கோணிகளைக் கொண்டு அதன் விட்டம் 14 இலட்சம் கிலோமீற்றர் என்பதைப் பத்தாந் தரத்துப் பிள்ளை நிலத்திலே குந்தியிருந்தே கணித்துவிடும். 2010 சனவரி 15 இலும் 2019 டிசெம்பர் 26 இலும் கங்கண சூரிய கிரகணங்கள் நமது குடாநாட்டின் மீது கடந்து சென்றபோது, மரநிழலிலே அந்தப் பொட்டுக்கள் யாவும் மோதிரங்களாக மாறின. பத்தாண்டு இடைவெளிக்குள் இரண்டு தடவை இயற்கை நமது வாசலுக்கே வந்து செய்முறைப் பரீட்சை நடத்தியது. அந்த இரண்டு நாட்களிலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த வீடுகள் எத்தனை என்பதை யான் கேட்கப்போவதில்லை.

இனி விளக்குக்கு வருகின்றேன். இதிலே சற்று அதிகம் தரித்து நிற்க விரும்புகின்றேன். ஏனெனில் ஒளியையும் சக்தியையும் ஒன்றாக வைத்துப் படிப்பதற்கு, நமது மக்களைப் போலக் கடுமையான ஆய்வுகூடத்திலே பயின்றவர்கள் அதிகம் பேர் இல்லை. 1990 இன் பின்னர் போரினால் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றறி தடைப்பட்ட பொருள். அந்தக் காலத்திலே ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, அதிலே சிறிதளவு மண்ணெண்ணெயை ஊறவிட்டு, போத்தலுக்குள்ளேயே திரியை நிறுத்தி ஏற்றிய விளக்கைச் சூழ்ந்திருந்து ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது. மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதியைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னிலே வானொலிச் செய்தி கேட்டது. இந்தச் சம்பவங்களை நாம் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்கின்றோம், துயரமாகவும் சொல்கின்றோம். விஞ்ஞானமாக எப்போதாவது சொல்லியிருக்கின்றோமா?

அந்த விளக்கை மேசைமீது வைத்து வினாவுங்கள். நால்வர் சுற்றியிருந்து படிக்கையில், விளக்கிலிருந்து ஒரு முழத்தில் இருப்பவனுக்கும் இரண்டு முழத்தில் இருப்பவளுக்கும் கிடைக்கும் வெளிச்சத்தின் விகிதம் யாது? இரண்டில் ஒன்று என்றே வகுப்பு சொல்லும். நாலில் ஒன்று என்பதை அளந்து காண்கையிலே நேர்மாற்று வர்க்க விதி வந்து நிற்கும். தமையனுக்குப் பரீட்சை என்று தங்கை ஏன் தள்ளியிருத்தப்பட்டாள் என்ற வேறொரு வினாவும் அதனோடு கூடவே வரும். அது விஞ்ஞான பாடத்துக்குப் புறம்பானதென்று அதனை அடக்கிவிடவேண்டாம். சுடர் ஏன் மஞ்சளாக இருக்கின்றது? எரியாத கரித்துகள்கள் சூடேறிப் பிரகாசிப்பதால். கண்ணாடி ஏன் கறுக்கின்றது? அதே கரி அங்கே படிவதால். ஆகவே வெளிச்சத்தைத் தந்ததும் வெளிச்சத்தை மறைத்ததும் ஒரே பொருள்தான் என்ற விந்தையைப் பிள்ளை கண்டுகொள்ளும். திருவிழாக்களிலே தலையிற் சுமந்து சென்ற பெற்றோமக்ஸ் விளக்கிலோ சுடர் வெளிச்சம் தருவதில்லை. சுடரின் வெப்பத்தை வாங்கி, தோரியமும் சிறிதளவு சீரியமும் கலந்த ஒட்சைட்டு வலை வெண்மையாக ஒளிர்கின்றது. எரிபொருள் அதே மண்ணெண்ணெய்தான், வெளிச்சம் பன்மடங்கு.

இதிலிருந்து கணக்குக்குப் போகலாம். ஒரு சிறு குப்பி விளக்கு மணிக்குப் பத்து மில்லிலீற்றர் மண்ணெண்ணெய் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ நூறு வாற்று வலுவைச் செலவிட்டு, பத்து லூமன் அளவான வெளிச்சத்தைத் தருகின்றது. அதாவது வாற்றுக்குப் பத்தில் ஒரு லூமன். பழைய இழைக்குமிழ் வாற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து லூமன் தரும். இன்றைய எல்.ஈ.டி. குமிழ் நூறு தரும். ஆயிரம் மடங்கு வேற்றுமை! அந்த விளக்கை ஏற்றிய பாட்டி எண்ணெயை வீணாக்கவில்லை. அவருடைய சிக்கனத்துக்கு ஈடில்லை. எனினும் அவர் எரித்த எண்ணெயின் சக்தியிலே மிகப் பெரும்பங்கு வெப்பமாகவே போயிற்று. சிக்கனம் வேறு, திறன் வேறு என்னும் பேதத்தை எந்த வரைவிலக்கணமும் இவ்வளவு நன்றாகப் புகட்டாது.

டைனமோவையும் விட்டுவிட முடியாது. மிதியைச் சுழற்றுகின்ற கைக்கு, வானொலியையோ குமிழையோ இணைத்தவுடன் சுமை கூடுவது தெரியும். கழற்றியவுடன் மிதி இலேசாகும். மின் சும்மா வருவதில்லை, யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் மிதிக்கவேண்டும் என்பதைக் கை அறிந்துகொள்கின்றது. சக்திக் காப்பு விதியை அதன் பின்பு கரும்பலகையிலே எழுதினால், பிள்ளை அதனை அறிமுகமான ஒருவரைக் காண்பதுபோலக் காணும்.

ஓர் எச்சரிக்கை மாத்திரம். இந்தச் சூழமைவு இன்பமான நினைவன்று. வீட்டிலே போய்ப் பாட்டியிடம் கேட்டு எழுதிவா என்று பிள்ளையை அனுப்புமுன், எந்த வீட்டிலே அந்த வினா எந்தப் புண்ணைத் தொடும் என்பதை ஆசிரியர் அறிந்திருக்கவேண்டும். கேட்டு வரக்கூடியவர்கள் கேட்டு வரட்டும். மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கு ஒன்றே போதும். 2022 இலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின் துண்டிக்கப்பட்ட காலத்தை இன்றைய பிள்ளைகள் தாமே அறிவார்கள் ஆதலால், அதிலிருந்து தொடங்குவதும் தகும்.

அடுத்தது கிணறு. ஆறில்லாத குடாநாட்டிலே சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களில் தேங்கிய மழைநீரே நமது புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நமக்கும் உயிர். துலாவிலே ஆள் ஏறி மிதித்து, பட்டையிலே நீர் மொண்டு இறைத்த காலத்தை முதியோர் அறிவர், அதன் பின்பு மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது, பின்பு மின்மோட்டார். ஆயிரம் லீற்றர் நீரை ஆறு மீற்றர் உயர்த்துவதற்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ 59,000 யூல். துலா மிதிப்பவர் ஒருவர் சராசரி 75 வாற்று வலுவோடு உழைத்தால், விரயம் ஒன்றும் இல்லையெனின் பதின்மூன்று நிமிடத்தில் அது முடியும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயிலோ மூன்று கோடியே நாற்பது இலட்சம் யூலுக்கு மேல் அடங்கியிருக்கின்றது. கடதாசிக் கணக்கிலே அது ஐந்தரை இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கரையேற்றவேண்டும். உங்கள் தோட்டத்து இயந்திரம் ஒரு லீற்றருக்கு எவ்வளவு இறைக்கின்றது என்று பிள்ளையைக் கேட்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவரும் விடைக்கும் கடதாசி விடைக்கும் உள்ள பெரும் பள்ளம்தான் அடுத்த மூன்று நாட்களுக்கான பாடம்.

கிணற்றைப் பற்றிப் பேசிவிட்டுச் சுன்னாகத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையன்று. போர்க்காலத்தில் நாட்டின் மின்தொகுதியிலிருந்து அறுந்துபோன குடாநாட்டுக்குச் சுன்னாகத்திலே எண்ணெய் எரித்து மின் தரப்பட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே கிளிநொச்சிக்கும் சுன்னாகத்துக்கும் இடையே உயரழுத்தக் கம்பிகள் மீண்டன. இடைக்காலத்திலே சுன்னாகத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் மாசுக்குப் பொறுப்பென்றும், இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்றும் 2019 ஏப்ரல் 4 இலே தீர்ப்பாயிற்று. மேற்பார்வை செய்யக் கடமைப்பட்ட அரச நிறுவனங்களின் தவறும் அதிலே சுட்டப்பட்டது.

ஒளியின் பாடமும் சக்தியின் பாடமும் ஒரே இடத்திலே சந்திக்கும் சந்தி இதுவே என்று யான் கருதுகின்றேன். நீரின்மேல் பரந்த எண்ணெய்ப் படலத்திலே வானவில்லின் நிறங்கள் தோன்றுகின்றன. எண்ணெய்க்கு நிறம் ஏது, நீருக்கு நிறம் ஏது? படலத்தின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் தெறித்த ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தடிப்புக்கேற்பச் சில நிறங்களை வளர்த்துச் சிலவற்றை அழித்துவிடுகின்றன. அந்தப் படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ இரண்டாயிரத்திலொரு பங்கு. அங்ஙனமாயின் மூன்று மீற்றர் விட்டமுள்ள கிணறொன்றின் முகம் முழுவதும் நிறம் காட்டுவதற்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும்? கணித்துப் பாருங்கள்: மூன்றரை மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டி நிறையாது. பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டனுக்கு அருகிலே கிளபம் என்னும் ஊரின் குளமொன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, அது அரை ஏக்கர் வரை பரந்து அலைகளை அடக்கியதைக் கண்டு 1773 இலே எழுதிவைத்தார். அவருடைய படலம் இதனிலும் மிகமிக மெல்லியது.

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும் என்பதைக் கவனிக்கவேண்டும். நிறத்தைக் கண்டவுடன் கிணறு முழுவதும் எண்ணெய் என்று அலறுவது தவறு. ஒரு துளி சிந்தினாலும் நிறம் தோன்றும். நிறம் இல்லை என்று கண்டவுடன் நீர் தூயது என்று குடிப்பது அதனினும் பெரிய தவறு. நீரிலே கரைந்த பொருள்கள் கண்ணுக்கு நிறம் காட்டுவதில்லை, அவற்றுக்கு இரசாயன ஆய்வு வேண்டும். ஊர் கலங்கி நின்ற காலத்திலே இந்த இரண்டு தவறுகளையும் படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்டோம். ஒளியலைகளின் தலையீட்டை உயர்தரத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டுச் சாதாரண தரத்துப் பிள்ளையிடம் அதனைப் பேசலாகாது என்பாருக்கு யான் சொல்லும் விடை: சமன்பாட்டை ஒதுக்கிவையுங்கள், நிறத்தை ஒதுக்கிவைக்க உங்களால் முடியாது, அது கிணற்றிலே தெரிகின்றது.

டீசல் கெட்டது, சோலார் நல்லது என்று இங்கே பாடத்தை முடித்துவிடும் சபலம் பெரிது. அவ்விதம் முடித்தால் அது பிரசங்கமாகும். நிலைபேறு என்பது போற்றி உருப்போடவேண்டிய நாமமாகிவிட்டால், சென்ற தலைமுறை 'பயன்பாடு'களை மனனஞ் செய்தது போல இந்தத் தலைமுறை அதனை மனனஞ் செய்யும், அவ்வளவே. ஆகையால் சூரியனையும் அதே தராசிலே நிறுக்கவேண்டும். நமது பகுதியிலே ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாளொன்றுக்குச் சராசரி ஐந்து கிலோவாற்று மணி அளவான சக்தி வெயிலாக விழுகின்றது. நல்ல தகடு அதில் ஐந்திலொரு பங்கை மின்னாக்கும். நாட்டிலே 2016 முதல் கூரைத் தகடுகள் ஊக்குவிக்கப்பட்டன. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின் அற்றுப்போனது. பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு செய்த சேட்டையே காரணம் என்று சொன்னார்கள். வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். சிரித்து ஓய்ந்தபின், ஒரு குரங்குக்கு ஒரு நாட்டை இருளாக்கும் வல்லமை எவ்விதம் வாய்த்தது என்று கேளுங்கள். விடுமுறை நாளின் பகலிலே மின் தேவை குறைவு, வெயில் நிறைவு. கூரைத் தகடுகளின் மின் மிகுவதால், சுழலும் பெரிய மின்பிறப்பாக்கிகள் சிலவே இயங்குகின்றன. சுழல்வனவற்றின் சடத்துவம் குறைந்த தொகுதி, ஒரு சிறு அதிர்ச்சியையும் தாங்க மாட்டாமற் சரிகின்றது. அதன் பின்பு வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, கூரைத் தகடுகளைப் பகலிலே பிற்பகல் 3 மணிவரை அணைத்துவைக்குமாறு மின்சார சபை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. நமது முற்றத்துத் தடி நிழலின்றி நிற்கும் நாட்கள் அவைதாம்! சூரியன் தலைக்கு நேரே நின்று அள்ளிச் சொரியும் வேளையிலே, வேண்டாம் என்று கதவடைக்க நேர்ந்தது ஏன் என்பதைத் தீர்க்கப் புகும் வகுப்பு, மின்சேமிப்பு, தேவை, வழங்கல், அதிர்வெண் ஆகிய எல்லாவற்றுக்கும் தானாகவே வந்து சேரும்.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களுள் ஒன்று கனமானது. கிணற்றோடு படித்த விதி கிணற்றோடே நின்றுவிடும், பிள்ளை அதனை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லாது என்பர். அது மெய். துலாவிலே நெம்பைக் கண்ட பிள்ளை, பாக்குவெட்டியிலே அதனைக் காணாமற்போவது சாதாரணம். ஆகவே ஒரு சூழமைவிலிருந்து விதியை எடுத்த பின்பு, அந்தச் சூழமைவை முற்றாக நீக்கிவிட்டு, விதியை வெறுமையாக ஒருமுறை எழுதவேண்டும். பின்பு முற்றிலும் வேறான இன்னொரு சூழமைவிலே அதனை இறக்கிப் பார்க்கவேண்டும். எண்ணெய்ப் படலத்திலே கற்றதைச் சவர்க்காரக் குமிழியிலே கேளுங்கள். விளக்கிலே கற்ற நேர்மாற்று வர்க்கத்தை, சூரியனிலிருந்து செவ்வாயின் தூரத்தைக் கொடுத்து அங்கே கேளுங்கள். இந்த இரண்டாவது அடியை விட்டுவிட்டதனாலேயே பல நல்ல திட்டங்களுக்குக் 'கதை சொல்லும் விஞ்ஞானம்' என்ற அவப்பெயர் வந்தது.

மற்றொரு நியாயம் நேரம். அலகொன்றுக்கு இத்தனை பாடவேளை என்று விதித்திருக்கையில், ஆண்டு முழுவதும் தடி நிழல் அளப்பது எப்படி என்று கேட்கின்றார்கள். தடிக்கு வாரத்துக்கு இரண்டு நிமிடம் போதும். அதனையும் ஒரு பிள்ளையே செய்யும். பரீட்சை வேறு என்பார்கள். பரீட்சைதான் உண்மையான இடர் என்பதை ஒப்புகின்றேன். பரீட்சையிலே கேட்கப்படாதது கற்பிக்கப்படுவதில்லை. தனியார் கல்வி நிலையங்கள் பெருகிய நமது ஊர்களிலே இது இரட்டிப்பு உண்மை. ஆதலால் பாடத்தை மாற்றுமுன் தவணைப் பரீட்சையின் ஒரேயொரு வினாவை மாற்றுங்கள். அதற்குத் திணைக்களத்தின் அனுமதி வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட வினா ஒன்றை இங்கே மாதிரியாக வைக்கின்றேன். எழுவைதீவிலே காற்றையும் வெயிலையும் டீசலையும் மின்கலத்தையும் சேர்த்து இயங்கும் ஒரு சிறு மின்தொகுதி உண்டு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் அவ்வாறான தொகுதிகளை அமைக்க 2024 மார்ச்சிலே இந்திய நன்கொடையோடு ஒப்பந்தம் ஆயிற்று. பிள்ளைக்கு ஒரு தீவின் ஒருநாள் மின் தேவையை மணித்தியால வாரியாக ஓர் அட்டவணையிலே கொடுங்கள். தகடுகளின் பரப்பு, தைமாதத்து வெயில், ஆடிமாதத்துக் காற்று, மின்கலத்தின் கொள்ளளவு ஆகியவற்றையும் கொடுங்கள். டீசல் இயந்திரத்தை முற்றாக நீக்கிவிடலாமா, காரணங் காட்டுக என்று கேளுங்கள். நீக்கலாம் என்று எழுதிய பிள்ளை மாலை ஏழு மணிக்கு மின் எங்கிருந்து வரும் என்று கணக்கிலே காட்டியிருந்தால் முழுப் புள்ளி கொடுங்கள். நீக்கலாகாது என்று எழுதிய பிள்ளை, காற்றும் வெயிலும் ஒருங்கே குறையும் நாட்களை எண்ணிக் காட்டியிருந்தால் அதற்கும் முழுப் புள்ளியே. சூரிய சக்தி சுற்றாடலுக்கு உகந்தது என்று மட்டும் அழகான கையெழுத்திலே எழுதிவைத்த பிள்ளைக்கு ஒரு புள்ளி போதும். அந்த ஒன்றையும் கையெழுத்துக்காகவே கொடுக்கலாம்.